பயத்தின் விலை 39 டாலர் 95 செண்ட்

உங்கள் லேப்டாப் கொஞ்ச நாளாக நொண்டியடிக்கிறது என்று வையுங்கள். பட்டனை அமுக்கிவிட்டுப் போய் காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்கூட அது இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறது. எரிச்சலோடு ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. பீப் பீப் என்று சத்தம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, பாங்க் பாஸ்வேர்டெல்லாம் திருடு போய்க்கொண்டிருக்கிறது, அணைக்காதீர்கள், உடனே இந்த போன் நம்பரைக் கூப்பிடுங்கள்.

என்ன செய்வீர்கள்?

முதலில் பயப்படுவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்தவர், படிக்காதவர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் என்று லட்சக்கணக்கானவர்கள் அதே இடத்தில் பயந்திருக்கிறார்கள். பயந்து, கார்டை எடுத்து, நம்பரைத் தட்டிப் பணமும் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. லாகூரில் ஒரு சின்னக் கடை, பனாமாவில் ஒரு தபால் பெட்டி, உக்ரைனில் ஒரு ஆபீஸ், கடைசியில் நம் நாட்டு கால் சென்டர்கள் என்று சுற்றிச் சுற்றி வருகிற சரித்திரம். அது தெரிந்தால் அடுத்த முறை அந்தச் சிவப்புத் திரை வரும்போது கை நடுங்காது. அதற்காகத்தான் இந்த வாரம் இந்த சப்ஜெக்ட்.

1986 ஜனவரி. பாகிஸ்தான், லாகூர். அங்கே அல்லாமா இக்பால் டவுன் என்கிற பகுதியில் 'பிரெயின் கம்ப்யூட்டர் சர்வீசஸ்' என்று ஒரு கடை. நடத்தியவர்கள் பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்கிற சகோதரர்கள். அண்ணன் அம்ஜதுக்கு இருபது சொச்சம் வயது. தம்பி பாசித் டீன் ஏஜைத் தாண்டவில்லை. மருத்துவத் துறைக்கான ஒரு மென்பொருளை எழுதி விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? காப்பி எடுத்து நாலு பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் நாற்பது பேருக்குக் கொடுத்தார்கள்.

சகோதரர்களுக்குக் கடுப்பு. காப்பி அடிக்கிறவன் கையும் களவுமாக மாட்டவேண்டும் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதினார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஃப்ளாப்பி. கம்ப்யூட்டரை எழுப்பும்போது அது முதலில் படிப்பது ஃப்ளாப்பியின் ஆரம்பத்தில் இருக்கும் 'பூட் செக்டார்' என்கிற சின்னப் பகுதியை. நம்மவர்களின் புரோகிராம் போய் உட்கார்ந்தது அங்கேதான். ஏற்கெனவே அங்கே இருந்ததை வேறு மூலைக்குத் தள்ளிவிட்டு, அந்த மூலையைக் 'கெட்டுப்போன இடம்' என்று பொய்யாகக் குறித்து வைத்தது. யாராவது சந்தேகப்பட்டு பூட் செக்டாரைத் திறந்து பார்த்தால், பழைய ஒரிஜினலை எடுத்து நீட்டியது. வீட்டுக்குள் திருடனை ஒளித்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்று 'இங்கே யாரும் வரலியே' என்று சொல்வது மாதிரி.

அதன் பெயர் பிரெயின். ஐ.பி.எம். பி.சி. ரகக் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சரித்திரம் அதைத்தான் சொல்கிறது. அது என்ன நாசம் செய்தது? பெரிதாக ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை. கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொண்டது. ஃப்ளாப்பியின் பெயரை பிரெயின் என்று மாற்றியது. ஃப்ளாப்பி டிரைவை மந்தமாக்கியது. அதாவது, பி.சி. வைரஸ் என்ற ஜாதி பிறந்தபோதே அதன் கூடப் பிறந்த அறிகுறி 'ஸ்லோவாகிவிட்டது' என்பதுதான்.

ஆனால் இந்தக் கதையில் நீங்கள் கவனிக்கவேண்டிய சங்கதி வேறு. அந்த வைரஸுக்குள் ஒரு செய்தியையும் எழுதி வைத்திருந்தார்கள். அதில் சகோதரர்களின் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்தன. கூடவே, இந்த வைரஸிடம் ஜாக்கிரதை, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு எச்சரிக்கை.

புரிகிறதா? முதல் பி.சி. வைரஸிலேயே எச்சரிக்கை இருந்தது. போன் நம்பரும் இருந்தது. ஒரே வித்தியாசம், அந்த நம்பர் நிஜம். கூப்பிட்டால் நிஜமாகவே அல்வி சகோதரர்கள் எடுத்தார்கள்.

கூப்பிட்டார்கள். லாகூரிலிருந்து மட்டுமல்ல. ஃப்ளாப்பிக்கு ஏது எல்லை? 1987-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெயின் தென்பட்டது. 1988-ல் பிராவிடென்ஸ் நகரத்தில் ஒரு பத்திரிகை ஆபீஸுக்குள் புகுந்தது. அதே வருஷம் 'டைம்' பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை போட்டது. அதில் ஒரு சுவாரசியமான தகவல். சொந்தச் சரக்கைக் காப்பி அடித்ததற்காகக் கொதித்த இதே சகோதரர்கள், மேல்நாட்டு மென்பொருள்களின் காப்பிகளைச் சல்லிசான விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் போன காப்பிகளில் வைரஸையும் சேர்த்து அனுப்பினார்களாம். ஏனப்பா என்று கேட்டால், திருட்டுச் சரக்கு வாங்குகிறவனைத் தண்டிக்க வேண்டாமா என்று பதில். நியாயம் எந்த ஊரில் எப்படியெல்லாம் பேசுகிறது பாருங்கள்!

2011-ல், வைரஸுக்கு 25 வயது ஆனபோது, ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்ட்டி வைரஸ் நிபுணர் மிக்கோ ஹிப்போனென் லாகூருக்குப் புறப்பட்டுப் போனார். கையில் இருந்தது வைரஸுக்குள் எழுதியிருந்த அதே முகவரி. கதவைத் தட்டினால், திறந்தது சாட்சாத் அல்வி சகோதரர்கள். அதே இடத்தில் பிசினஸ் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் பணம் பறிக்க நினைக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை பிளஸ் தொடர்பு முகவரி என்கிற ஐடியாவைக் கொண்டு காசு பார்க்க முடியும் என்று இன்னொருவருக்குத் தோன்றியது. மூன்றே வருஷம் கழித்து.

1989 டிசம்பர். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே உலகம் நடுங்கிய சமயம். லண்டனிலிருந்து சுமார் 20,000 ஃப்ளாப்பிகள் தபாலில் கிளம்பின. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் சந்தாதாரர்கள், உலக சுகாதார அமைப்பின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்துபோனவர்கள் என்று பார்த்துப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். உறையின் மேல் 'எய்ட்ஸ் தகவல்' என்று கொட்டை எழுத்து. உள்ளே போட்டுப் பார்த்தால், உங்களுக்கு எய்ட்ஸ் வர எவ்வளவு வாய்ப்பு என்று கேள்வி கேட்டுச் சொல்லும் ஒரு புரோகிராம்.

உபயோகமான சமாசாரம்தான். ஆனால் கம்ப்யூட்டரை 90 தடவை போட்டு அணைத்த பிறகு அது சுயரூபம் காட்டும். ஃபைல்களின் பெயர்களையெல்லாம் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டு, குத்தகைப் பணம் 189 டாலர் பாக்கி, பனாமா நாட்டில் இன்ன தபால் பெட்டிக்கு அனுப்பவும் என்று அறிவிக்கும். இதில் வேடிக்கை, உறைக்குள் இருந்த நிபந்தனைத் தாளிலேயே பணம் கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் பாதிக்கப்படும் என்று எழுதியிருந்தது. யார் படித்தார்கள்? இன்றைக்கு நீங்களும் நானும் 'ஐ அக்ரீ' பட்டனை எப்படி அமுக்குகிறோமோ அப்படித்தான் அன்றைக்கும்.

செய்தவர் யாரோ ரவுடி அல்ல. ஜோசப் பாப் என்கிற, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய உயிரியல் ஆராய்ச்சியாளர். பிடித்தார்கள். ஆனால் விசாரணையைத் தாங்கும் மனநிலையில் அவர் இல்லை என்று பிரிட்டிஷ் கோர்ட் விட்டுவிட்டது. பூட்டைத் திறக்கும் புரோகிராமை ஜிம் பேட்ஸ் என்கிற நிபுணர் எழுதி இலவசமாகவே கொடுத்தார். ஆக, பாப் கோடீஸ்வரர் ஆகவில்லை. காரணம் தபால் பெட்டி. பனாமாவுக்குக் காசோலை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் போடுவதற்குள் மனுஷனுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். பயம் ஆறிவிடும். பயத்தைச் சூடாக இருக்கும்போதே காசாக்க வேண்டும். அதற்கான வசதி அப்போது இல்லை.

அதற்கடுத்து 1992. இந்தத் தடவை வைரஸ் நிஜம், கூச்சல் ரொம்ப ஜாஸ்தி. மைக்கலாஞ்சலோ என்று அதற்குப் பெயர். ஓவியர் மைக்கலாஞ்சலோ பிறந்த மார்ச் 6-ம் தேதி ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும் என்பதால் அந்தப் பெயர். ஆன்ட்டி வைரஸ் வியாபாரி ஜான் மெக்கஃபி, 50 லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை காலியாகலாம் என்றார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. டி.வி.க்கள் அலறின. கடைகளில் ஆன்ட்டி வைரஸ் பெட்டிகள் சுடச்சுட விற்றன. மார்ச் 6 வந்தது. பாதிக்கப்பட்டதாகத் தெரியவந்தவை ஆயிரக்கணக்கில்தான். லட்சக்கணக்கில் இல்லை.

மெக்கஃபி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஜனங்கள் உஷாரானதால்தான் சேதம் குறைந்தது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வியாபார உலகம் அன்றைக்கு ஒரு பாடம் படித்தது. வைரஸ் விற்காது. வைரஸ் பயம் விற்கும்.

அப்படியானால் வைரஸே இல்லாமல் பயத்தை மட்டும் தனியாக அனுப்பினால்? 1994-ல் அதுவும் நடந்தது. 'குட் டைம்ஸ்' என்ற தலைப்பில் மெயில் வந்தால் திறக்காதீர்கள், திறந்தால் ஹார்ட் டிஸ்க் போச்சு, எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று ஒரு மெயில் உலகத்தைச் சுற்றியது. அப்படி ஒரு வைரஸே கிடையாது. எல்லோருக்கும் சொல்லுங்கள் என்கிற அந்த எச்சரிக்கைதான் வைரஸாகப் பரவியது. 2002-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள் என்று மெயில். பார்த்தால் இருக்கும். ஏனென்றால் அது விண்டோஸோடு வரும் நல்ல ஃபைல். ஜனங்கள் தங்கள் கம்ப்யூட்டரின் ஒரு பகுதியைத் தங்கள் கையாலேயே அழித்துவிட்டு, நண்பர்களுக்கும் மெயில் போட்டார்கள்.

எந்தப் புரோகிராமும் எழுதாமல், வெறும் பயத்தை வைத்தே ஒரு மனிதனை அவன் கம்ப்யூட்டருக்கு எதிராகத் திருப்ப முடியும். இது நிரூபணமாகிவிட்டது. இனி பாக்கி, கல்லாப்பெட்டி மட்டும்தான்.

நான் பி.காம். படித்தவன். எந்தக் குற்றத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் வரவு செலவுக் கணக்குதான் கண்ணில் படும். அந்தக் கண்ணோடு பார்த்தால், இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்கிற கம்பெனியின் கதை ஒரு பாடப்புத்தகம்.

பதிவு செய்யப்பட்ட நாடு பெலீஸ். ஆபீஸ் உக்ரைன் தலைநகர் கீவில். காலம் 2000-க்குப் பிந்தைய முதல் பத்து வருஷம். சரக்கு, வின்ஃபிக்ஸர், வின் ஆன்ட்டி வைரஸ், டிரைவ் கிளீனர், எரர்சேஃப், எக்ஸ்பி ஆன்ட்டி வைரஸ் என்று பல பெயர்களில் ஒன்றுக்கும் உதவாத புரோகிராம்கள். விற்ற விதம்தான் விசேஷம்.

இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் ஒரு ஜன்னல் திறக்கும். பார்க்க அச்சு அசல் விண்டோஸ் மாதிரியே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரைச் சோதிப்பதாகச் சொல்லி ஒரு பச்சைக் கோடு நகரும். ஃபைல் பெயர்கள் கடகடவென்று ஓடும். முடிவில், வைரஸ் இருக்கிறது, உளவு புரோகிராம் இருக்கிறது, சட்டவிரோத ஆபாசப் படங்கள் இருக்கின்றன என்று ரிசல்ட் வரும். கடைசி ஐட்டத்தைக் கவனியுங்கள். பயத்தோடு வெட்கத்தையும் சேர்த்து மாட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டுவீர்களா? மாட்டீர்கள். சத்தமில்லாமல் கார்டை எடுப்பீர்கள்.

உண்மையில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை. ஓடியது வெறும் படம். புத்தம் புதுக் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் அதே ரிசல்ட்தான். சுத்தம் செய்ய விலை 39 டாலர் 95 செண்ட் முதல்.

இந்த விளம்பரங்களைப் பெரிய தளங்கள் எப்படி அனுமதித்தன? அங்கேதான் கில்லாடித்தனம். பிரபலமான கம்பெனிகள், தர்ம ஸ்தாபனங்கள் சார்பாக விளம்பரம் கொடுப்பதாகச் சொல்லி இடம் வாங்கினார்கள். விளம்பரத்துக்குள் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். பார்ப்பவரின் இணைய முகவரி விளம்பரக் கம்பெனியுடையது என்றால் சாதுவான விளம்பரம் தெரியும். பொதுஜனம் என்றால் சிவப்பு எச்சரிக்கை. இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் நல்ல எண்ணெயில் பஜ்ஜி போடுகிற மாதிரி.

இந்த வித்தைக்கு நியூயார்க் டைம்ஸ் தளமே பலியாகியிருக்கிறது. 2009 செப்டம்பரில் ஒரு வார இறுதியில், இணைய போன் கம்பெனி ஒன்றின் விளம்பரம் என்று சொல்லி யாரோ இடம் வாங்கினார்கள். முதலில் ஒழுங்கான விளம்பரம். பிறகு திடீரென்று போலி ஆன்ட்டி வைரஸ் எச்சரிக்கை. பேப்பர் படிக்க வந்தவர்கள் அரண்டு போனார்கள். இந்த விஷயத்தில் மட்டமான தளத்துக்குப் போனவன்தான் மாட்டுவான் என்கிற நினைப்பை முதலில் விடுங்கள்.

2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கோர்ட்டுக்குப் போய் கீவ் கம்பெனியின் ஆட்டத்துக்குத் தடை வாங்கியது. ஏமாந்தவர்கள் எத்தனை பேர்? பத்து லட்சத்துக்கும் மேல் என்றது கமிஷன். 2010-ல் சிகாகோவில் கிரிமினல் வழக்கு போட்டபோது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் 10 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாகக் குற்றப் பத்திரிகை சொன்னது. 2012-ல் 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வருவது வேறு, பணம் வருவது வேறு. பிரதிவாதிகளில் ஒருவரிடமிருந்து மீட்ட பணத்திலிருந்து, 2011 கடைசியில் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு கமிஷன் செக் அனுப்பியது. ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 20 டாலர். கொடுத்ததில் பாதி.

கணக்கைப் பாருங்கள். சரக்கின் அடக்க விலை கிட்டத்தட்டப் பூஜ்யம். கிடங்கு வேண்டாம், லாரி வேண்டாம். ஆள் பிடித்துக் கொடுப்பவனுக்குக் கமிஷன் மட்டும்தான் செலவு. 2011-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதே தொழில் செய்த வேறு மூன்று கும்பல்களின் சர்வர்களிலிருந்து கிடைத்த கணக்கு வழக்குகளை ஆராய்ந்தார்கள். மூன்றும் சேர்ந்து சம்பாதித்தது 13 கோடி டாலர். மாட்டிய நூறு பேரில் பணம் கட்டியவர்கள் இரண்டு சொச்சம் பேர்தான். அதற்கே அத்தனை கோடி.

அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்ட சிலருக்கு இந்தத் திருடர்கள் நிஜமாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மனசாட்சியா? இல்லை. புகார்கள் ஒரு அளவைத் தாண்டினால் கிரெடிட் கார்டு கம்பெனிகள் கணக்கை மூடிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துப் பார்த்து ரீஃபண்ட். எத்தனை பேர் கேட்பார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தால் கணக்கு பிழைக்கும் என்று கணக்குப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பயத்துக்கும் பணத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் அந்தக் கார்டு மெஷின்தான். பாலத்தில் போலீஸ் நிற்க ஆரம்பித்ததும் இந்தப் பிசினஸ் தள்ளாடியது. 2011 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பல நாட்டுப் போலீஸோடு சேர்ந்து பாய்ந்தது. ஒரே ஒரு கும்பல் மட்டும் 9 லட்சத்து 60 ஆயிரம் பேரிடம் 7 கோடியே 20 லட்சம் டாலர் கறந்திருந்தது என்று அப்போது வெளியே வந்தது.

ஆனால் தொழில் சாகவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டது. இங்கேதான் சங்கடமான ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தச் சட்டை நம் ஊரில் தைத்தது.

ஆங்கிலம் பேசத் தெரிந்த இளைஞர்கள். மலிவான இணைய போன். வாடகைக்கு ஒரு மாடி. அமெரிக்காவில், இங்கிலாந்தில், ஆஸ்திரேலியாவில் யாரோ ஒரு பெரியவர் வீட்டு போன் அடிக்கும். 'விண்டோஸிலிருந்து பேசுகிறோம். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எங்களுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக ஸ்லோவாக இருக்கிறதா சார்?' யாருடைய கம்ப்யூட்டர்தான் ஸ்லோவாக இல்லை? ஆமாம் என்பார் பெரியவர். கிளி ஜோசியக்காரர், 'வீட்டில் ஒரு மனக்குறை இருக்கே?' என்று கேட்கிற அதே டெக்னிக்.

அடுத்து நிரூபணம். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே நடக்கும் அத்தனையையும் எழுதி வைக்கிற நாட்குறிப்பு. ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அதில் சிவப்பும் மஞ்சளுமாக நிறையக் குறிகள் இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி, 'பார்த்தீர்களா, எத்தனை எர்ரர்!' என்பார்கள். அதற்கும் மசியாதவர்களுக்கு இன்னொரு அஸ்திரம். ஒரு கட்டளையைத் தட்டச் சொல்வார்கள். 888 என்று ஆரம்பிக்கும் நீளமான எண் ஒன்று திரையில் வரும். 'இதுதான் உங்கள் கம்ப்யூட்டரின் தனி அடையாள எண். நான் சொல்கிறேன், சரியா பாருங்கள்' என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிப்பார்கள். அப்படியே பொருந்தும். பெரியவர் சரண்டர். விஷயம் என்னவென்றால், அந்த எண் உலகத்தில் உள்ள எல்லா விண்டோஸிலும் ஒன்றுதான்.

2012 அக்டோபரில் அதே அமெரிக்கக் கமிஷன் இந்த வகையில் ஆறு வழக்குகள் போட்டது. பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை. ஆளுக்கு 49 டாலரிலிருந்து 450 டாலர் வரை கறந்திருந்தார்கள். பிற்பாடு, நாமே போன் செய்வானேன் என்று யோசித்து, சிவப்புத் திரையில் போன் நம்பரைப் போட்டுவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். மீன் தானாகவே வந்து தூண்டிலைக் கடித்தது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டதே, நினைவிருக்கிறதா? அதில் மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களும் அடக்கம். அந்தக் கம்பெனிகளின் பெயரைச் சொல்லித்தான் வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றியிருந்தார்கள்.

போன் பேசிய பையன்களுக்குக் கிடைத்தது மாதச் சம்பளமும் இன்சென்டிவும். எதிர்முனையில் இருந்தவர்களில் பலர் தனியாக வசிக்கும் வயசானவர்கள். பணம் போனதைவிட, இவ்வளவு எளிதாக ஏமாந்தோமே என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூசியவர்கள். அந்தக் கூச்சம்தான் இந்தத் தொழிலின் உண்மையான முதலீடு.

சரி, சரித்திரம் போதும். உங்கள் லேப்டாப்புக்கு வருவோம்.

லாகூர் முதல் இன்றுவரை பார்த்ததில் ஒரு விதி தேறுகிறது. நிஜத் திருடன் மணி அடித்துக்கொண்டு வரமாட்டான். உண்மையான வைரஸ் தன்னை ஒளித்துக்கொள்ளும், பிரெயின் மாதிரி. 2017 முதல் 2019 வரை 'காயின்ஹைவ்' என்று ஒன்று இருந்தது. தளங்களுக்குள் ஒளிந்துகொண்டு, பார்க்க வந்தவர்களின் கம்ப்யூட்டரை உறிஞ்சி டிஜிட்டல் நாணயம் சம்பாதித்துக்கொண்டிருந்தது. லேப்டாப் சூடாகும், மந்தமாகும், ஃபேன் கத்தும். எச்சரிக்கை மட்டும் வராது. சத்தம் போட்டு, அவசரப்படுத்தி, போன் நம்பர் கொடுக்கிறதா? நூற்றுக்கு நூறு போலி. தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

சிவப்புத் திரை வந்தால் எதையும் க்ளிக் செய்யாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் மூலையில் குட்டிக் குட்டியாக வைரஸ் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறதா? எப்போதோ ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பட்டுமா' என்று கேட்டிருக்கும், நீங்கள் சரி என்றிருப்பீர்கள். பிரௌசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். பெரும்பாலும் வைரஸ் அதோடு செத்துவிடும்.

மந்தத்துக்கு, முதலில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். எது அதிகம் தின்கிறது என்று அதுவே சொல்லும். ஆன் செய்தவுடன் தானாக எழுந்து உட்காரும் புரோகிராம்களை அங்கேயே முடக்கலாம். டிஸ்க் நிரம்பி வழிகிறதா, காற்றுத் துளைகளில் தூசு அடைத்திருக்கிறதா பாருங்கள். பயத்தில் இரண்டு ஆன்ட்டி வைரஸ்களைப் போட்டு வைத்திருந்தால் ஒன்றை எடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்தே கம்ப்யூட்டரை மந்தமாக்கும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், எஸ்.எஸ்.டி. மாற்றுகிற செலவு வீண் போகாது. வைரஸ் சந்தேகம் தீரவில்லையா? விண்டோஸுக்குள்ளேயே டிஃபெண்டர் இருக்கிறது, காசு கேட்காது. நீங்களாகத் திறந்து முழுச் சோதனை ஓட்டுங்கள். யாராவது பணம் பறித்துவிட்டால், தாமதிக்காமல் பாங்குக்கும் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. எவனாவது நூறு சதவிகிதப் பாதுகாப்பு என்று விற்றால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் வைரஸை 1984-லேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிய ஃப்ரெட் கோஹன், எல்லா வைரஸ்களையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கிற ஒரு புரோகிராமை எழுதவே முடியாது என்று கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார். அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்பவன் ஒன்று கணக்குத் தெரியாதவன், அல்லது வியாபாரி.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ லேப்டாப் உபயோகிக்கிறார்களா? இதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சிவப்பாக எது வந்தாலும், முதல் போன் திரையில் இருக்கிற நம்பருக்கு அல்ல, எனக்கு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, திட்டமாட்டேன். கடைசி வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். கீவ் கம்பெனியும் கால் சென்டர்களும் இத்தனை கோடி சம்பாதித்தது, பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்தவர்களிடம்தான்.